தண்டில் அன்று: ஆடையும் ஆடலும்

மன்னர் ஆண்ட ஆண்டுகளையும் போர் நிகழ்ந்த களங்களையும் குறித்து வைப்பதே வரலாறு என்று நெடுங்காலம் எண்ணி வந்தோம். ஒரு தலைமுறை எதை உடுத்தது, அதன் குழந்தைகள் எதைக் கொண்டு விளையாடினர், வேலை முடிந்த மாலையில் பெரியோர் எங்கே கூடினர் என்பனவும் வரலாறே ஆகும். ஆயினும் அவற்றைக் கல்லில் வெட்டுவார் இல்லை. ஏட்டில் எழுதுவாரும் சிலரே. நினைவு மங்கும்போது அவையும் மங்கி மறைகின்றன. ஊர் விட்டு ஊர் வந்து குடியேறியோர்க்கு இவ்விழப்பு இருமடங்கு எனலாம். நிலமும் வீடும் கோயிலும் பிறந்த ஊரிலே நின்றுவிட, நம் முன்னோர் மூட்டையிற் கட்டிக் கொண்டுவந்தவை சேலையும் சொப்பும் மரப்பாச்சியும் பல்லாங்குழிப் பலகையுமே. அவற்றின் கதையைச் சங்க அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டு எழுந்த கதை

இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதிக்கு முற்காலத்தில் பிளாக்பள்ளி என்பது பெயர். வெண்ணிற அரிசி விளைந்த ஊர் என்னும் பொருள்படும் கன்னடச் சொற்றொடரே ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். சீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை, 1809ஆம் ஆண்டையொட்டிப் பெங்களூருக்கு மாறியது. அதனைச் சுற்றி ஒரு புதிய நகரம் எழுந்தது. கன்னட மக்கள் அதனைத் 'தண்டு' என்றனர். படையைக் குறிக்கும் அச்சொல் நம் பழந்தமிழிலும் உண்டு என்பதை அன்பர்கள் அறிவர்.

படைக்குச் சோறு சமைக்கவும், உடை தைக்கவும், குதிரை பேணவும், கட்டடம் எழுப்பவும், கணக்கு எழுதவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களுள் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தனர். 1834ஆம் ஆண்டு முதல் பெங்களூரைத் தம் இருப்பிடமாகக் கொண்ட சென்னைப் பொறியியற் படையினரைத் 'தம்பிகள்' என்றே இன்றளவும் படைத்துறையில் அழைக்கின்றனர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் நிலையம் வரை இருப்புப்பாதை வந்தபின், ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருவது எளிதாயிற்று. நாராயண பிள்ளை தெரு, வீர பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு என்னும் பெயர்களே அக்குடியேற்றத்திற்குச் சான்று பகர்கின்றன. 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்ட போதும், தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. 1947 சூலை 26ஆம் நாளன்றுதான் அது மைசூருடன் மீண்டும் இணைந்தது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தும், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இவ்விரு நகரங்களும் வெவ்வேறு வாழ்வு வாழ்ந்தன. இதனை மனத்திற் கொண்டாலன்றி, சிவாஜிநகரின் உடையும் ஆடலும் ஏன் அவ்வளவு கலவையாக இருந்தன என்பது விளங்காது.

உடுத்த உடை

அக்காலத்துத் தண்டில் அலுவலகத்துக்குச் செல்லும் தமிழர், கீழே பஞ்சகச்சமும் மேலே மூடுகழுத்துக் கோட்டும் தலையில் பாகையுமாகக் காட்சி அளித்தனர். கீழ்ப்பாதி நம் நாடு, மேற்பாதி சீமை. தலைப்பாகையோ மைசூர் அரண்மனையின் சரிகைப் பேட்டாவை நினைவூட்டுவது. ஓர் ஆளின் உடலிலேயே மூன்று அரசுகள் அமர்ந்திருந்தன எனின் மிகையாகாது. பின்னர்க் குடுமி கிராப்பு ஆயிற்று; பஞ்சகச்சம் கால்சட்டை ஆயிற்று. இராணுவ அதிகாரிகளின் சீருடைகளைத் தைத்துப் பழகிய கைகள், நம்மவர்க்கும் கோட்டும் சட்டையும் தைத்துக் கொடுத்தன. கமர்ஷியல் தெருவின் துணிக்கடைகளும் தையற்கடைகளும் பெற்ற புகழுக்கு அடித்தளம் இதுவே.

மகளிர் உடையில் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. பதினெட்டு முழச் சேலை எட்டு முழத்துக்கு மேற்பட்ட ஆறு கெசச் சேலைக்கு இடம் விட்டது. ரவிக்கையின் கை, சில ஆண்டுகள் முழங்கை வரை நீண்டது, சில ஆண்டுகள் பஃப் வைத்துப் பூரித்தது, பின்னர்ச் சுருங்கியது. காஞ்சிப் பட்டு திருமணத்துக்கு என்றால், 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் தொடங்கப்பட்ட பட்டு நெசவாலையின் மெல்லிய மைசூர்ப் பட்டு, விருந்துக்கும் விழாவுக்கும் உரியதாயிற்று. ராக்கொடியும் ஜடைநாகமும் குஞ்சலமும் எட்டுக்கல் பேசரியும் நம் பாட்டிமார் காலத்தோடு பெட்டிக்குள் சென்றன. இன்று அவை நாட்டிய மேடையிலும் நிழற்படத்திலுமே தோன்றுகின்றன.

துணி எங்கிருந்து வந்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. 1884இல் தோன்றிப் பின்னர்ப் பின்னி நிறுவனத்தின் கைக்கு வந்த பெங்களூர்க் கம்பளி, பருத்தி, பட்டு ஆலையில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக உழைத்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943இல், துணிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலையில் துணி நெய்த கையே பங்கீட்டுக் கடை வாயிலில் துணிக்காக நீண்டது. அதற்கு முன்னரே, 1927இல் காந்தியடிகள் உடல்நலம் தேறும்பொருட்டு நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கிய காலத்தில், கதர் என்னும் முரட்டுத் துணி இவ்வட்டாரத்து வீடுகளிலும் பெருமை பெற்றது. 1960களில் டெரிலின் வந்தது. அதனை மடிப்புக் கலையாத அதிசயமாகவே மக்கள் கொண்டாடினர். 1961 முதல் இந்நகரிலேயே செய்யப்பட்ட எச்.எம்.டி. கைக்கடிகாரம், மாப்பிள்ளைக்குரிய சீர்வரிசையில் இடம்பெற்றது. அக்கடிகார நிறுவனத்தை மூட 2016இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. நாள்தோறும் சாவி கொடுத்த அக்கடிகாரங்களை இன்று தேடித் திரிந்து வாங்குவோர் பலர்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பழைய உடையெல்லாம் அழகு என்று பாராட்டுவது எளிது. ஆனால் அவ்வுடை, அணிந்தவர் இன்ன சாதியினர் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் பலகையாகவும் இருந்தது. கட்டும் முறை, கரையின் அகலம், தோளில் துண்டு கிடக்கும் இடம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வரம்பு. சிற்றூர்களில் காலில் செருப்பிடவும் தோளில் துண்டிடவும் தடுக்கப்பட்ட மக்கள், தண்டுக்கு வந்தபின் சீருடையும் ஆலைத் துணியும் அணிந்து நிமிர்ந்து நடந்தனர். அவர்களுக்குத் தையற்காரர் தைத்த முதற் கால்சட்டை, நாகரிக மோகமன்று, விடுதலை. பழமையை எண்ணி உருகுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கைக்கு வந்த பொம்மைகள்

விளையாட்டுப் பொருளில் தமிழர்க்குத் தொன்மையான மரபு உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் மூன்று உருளையுடைய சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை பேசுகின்றது. கீழடி அகழாய்விலே பகடைக்காய்களும், உடைந்த மட்கல ஓடுகளைத் தேய்த்துச் செய்த ஆட்ட வட்டுகளும் கிடைத்துள்ளன. பிள்ளைத்தமிழின் பருவங்களுள் சிறுபறையும் சிற்றிலும் சிறுதேரும் ஆண்பாற்கும், கழங்கும் அம்மானையும் ஊசலும் பெண்பாற்கும் வகுக்கப்பட்டன. குழந்தையின் ஆட்டத்தையே இலக்கியமாக்கிய மொழி நம்முடையது.

அம்மரபின் எச்சமாக, தண்டிலிருந்த தமிழ் வீடுகளில் செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி இணை இருந்தது. மணமகளுக்குச் சீதனமாக வரும் அப்பொம்மைகளே நவராத்திரிக் கொலுவின் முதற்படியில் தலைமை தாங்கும். கன்னட இல்லங்களிலும் இதே நாட்களில் பொம்மைத் திருவிழா நிகழ்கின்றது. ஆங்கும் அரசனும் அரசியுமான மர இணையே பட்டத்துப் பொம்மைகளாய் நடுவில் வீற்றிருக்கும். ஆங்கும் அவை மணமகளுடன் புகுந்த வீடு செல்லும். எதிரெதிர் வீடுகளில் ஒரே வழக்கம் இரண்டு மொழிகளில் நடந்தது.

மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னபட்டணத்திலிருந்து, வண்ணப் பம்பரங்களும் கிலுகிலுப்பைகளும் நடைவண்டிகளும் வந்தன. அவை செய்யப்படும் முறை அறியத் தக்கது. வெட்பாலை என நாம் வழங்கும் மென்மையான வெண்மரத்தை உலர்த்திக் கடைசற் பொறியில் ஏற்றுவர். மரம் சுழலும்போதே உளியால் உருவம் கடைவர். பின்னர், வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிந்துவிடும். நெருப்பும் வேண்டா, தூரிகையும் வேண்டா. இறுதியில் காய்ந்த தாழை ஓலையை அதன்மேல் அழுத்தித் தேய்க்க, கண்ணாடி போன்ற பளபளப்பு வரும். மஞ்சளும் அவுரியும் போன்ற தாவரச் சாயங்களே வண்ணம் தருவதால், குழந்தை வாயில் வைத்தாலும் தீங்கில்லை. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை வளர்த்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

பின்னர்த் தகரமும் செல்லுலாய்டும் வந்தன. சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார் வண்டி, கண் மூடித் திறக்கும் பொம்மை முதலியன சிறுவர் நெஞ்சைக் கவர்ந்தன. அதன்பின் பிளாஸ்டிக் பெருவெள்ளமாகப் புகுந்தது. விலை குறைந்த அப்பொருளோடு போட்டியிட மாட்டாமல் கடைசற் பட்டறைகள் பல ஓய்ந்தன. சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபின் ஓரளவு புத்துயிர் கிடைத்துள்ளது. 2021 சனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்குத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டமையும் மட்டமான இறக்குமதிப் பொருளுக்கு ஓர் அணை இட்டது.

பெட்டிக்குள் அடங்கி வந்த ஆட்டங்களும் சில. அவற்றின் வரலாறு நகைப்பையும் வியப்பையும் தருவது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடிய பரமபதம், ஏணியும் பாம்புமாக மாறி இங்கிலாந்து சென்று மீண்டது. நம் நாட்டுப் பச்சீசி ஆட்டம், 1896இல் அங்கே லூடோ என்னும் பெயரில் காப்புரிமை பெற்று, அட்டைப் பெட்டியில் திரும்பி வந்தது. நம் பாட்டி இலவசமாகக் கற்பித்ததை நாம் விலை கொடுத்து வாங்கினோம். பரமபதத்தில் ஏணி அறத்தையும் பாம்பு மறத்தையும் குறித்தன. பெட்டியில் திரும்பிய ஆட்டத்திலோ எண்கள் மட்டும் மிஞ்சின.

தெருவே பள்ளி

பொம்மை வாங்க இயலாத வீட்டுச் சிறுவர்க்குத் தெருவே செல்வம். தண்டின் நெருங்கிய சந்துகளில் தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒருங்கே ஒலித்தன. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பல பெயர்கள் இருந்தன. நம் பம்பரம் கன்னடச் சிறுவர்க்குப் புகுரி. நம் கிட்டிப்புள் அவர்க்குச் சின்னிதாண்டு. உருது பேசுவோர்க்குக் கில்லிதண்டா. நம் காற்றாடி கன்னடத்தில் காளிபட. காளி என்பது அங்கே காற்றைக் குறிக்கும். நம் பல்லாங்குழி அளகுளிமணெ. குழியும் மணையும் இரு மொழிக்கும் உறவு என்பதை அப்பெயரே உரைக்கின்றது. நம் பாண்டி குண்டெபில்லெ. ஏழு கற்களை அடுக்கிப் பந்தால் அடித்துக் கலைக்கும் ஆட்டத்தை இங்குள்ள தமிழ்ச் சிறுவரும் லகோரி என்றே வழங்கினர். கோலி மட்டும் எல்லார்க்கும் கோலியே. அதனைத் தன் கழுத்தில் அடக்கிய சோடாப் புட்டியும் அவ்வாறே. ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை பெற்ற அப்புட்டி, நம் நாட்டில் கோலி சோடா ஆயிற்று.

இலக்கணம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். ஆனால் அண்டை வீட்டாரின் மொழியைக் கற்க ஒரு பம்பரம் போதுமானதாய் இருந்தது. ஆட்டத்தில் தோற்றவன் வழக்காடுவதற்கேனும் எதிரியின் மொழியைக் கற்றாக வேண்டும் அன்றோ? தண்டுத் தமிழர் பலர் நான்கு மொழிகளைச் சரளமாகப் பேசியமைக்குப் பள்ளிக்கூடம் மட்டுமே காரணமன்று.

இதிலும் ஒரு குறை உண்டு. தெரு ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிற்று. பெண் குழந்தைகள் சில வயது வரை பாண்டி ஆடுவர். பருவம் எய்தியதும் திண்ணைக்கும் உள்முற்றத்துக்கும் ஒடுங்குவர். பல்லாங்குழியும் தாயமும் ஐந்து கல்லும் அவ்வளவு செழித்து வளர்ந்தமைக்கு அச்சிறையும் ஒரு காரணம் எனலாம்.

மைதானமும் கொட்டகையும்

ஆங்கில அதிகாரிகளின் பொழுதுபோக்குகள் வேறு. 1896இல் இளம் படையதிகாரியாக இங்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில், போலோ ஆடியும் வண்ணத்துப்பூச்சிகளைச் சேர்த்தும் பொழுது போக்கினார். போலோவுக்குக் குதிரை வேண்டும். கிளப்புக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆட்டங்களுள் ஏழைக்கு எட்டியது கால்பந்து ஒன்றே. படையினர் ஆடுவதை வேலியோரம் நின்று கண்ட சிறுவர், துணிப்பந்தை உதைத்துத் தாமே கற்றனர். 1937இல் பெங்களூர் முஸ்லிம் குழு, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் ஆங்கிலப் படைக்குழுக்களின் நெடுநாள் ஆதிக்கத்தை உடைத்து, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழு என்னும் பெருமை பெற்றது.

1948 சூலை 31ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் விடுதலை பெற்ற இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம் ஆட்டக்காரருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். ஒன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் நாம் தோற்றோம். ஆயினும் அந்த ஒரு கோலை அடித்தவர், மைசூர் அணிக்காக ஆடி வந்த சாரங்கபாணி ராமன் என்பார். அவ்வணியிலேயே இடம்பெற்ற அகமது கானும் பெங்களூர் ஈன்ற மைந்தரே. வெறுங்கால் வீரத்தை நாம் புகழ்கின்றோம். அதன் பின்னே வறுமையும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

மாலைப் பொழுதின் மற்றொரு புகலிடம் நாடகக் கொட்டகை. சிவாஜிநகரின் எல்ஜின் டாக்கீஸ் நாடக அரங்காகத் தோன்றி, ஊமைப்படம் கண்டு, பேசும்படம் வந்ததும் டாக்கீஸ் என்னும் பெயர் பூண்டது. 1931இல் தமிழ் பேசும் படமும் 1934இல் கன்னடம் பேசும் படமும் பிறந்தன. இன்று எல்ஜின் அரங்கில் படம் ஓடுவதில்லை. வானொலியும் நம் கூடங்களை ஆண்டது. அனைத்திந்திய வானொலி பின்னாளில் ஏற்றுக்கொண்ட 'ஆகாசவாணி' என்னும் பெயர், 1935இல் மைசூரில் பேராசிரியர் கோபாலசாமி நிறுவிய நிலையத்தில் வழங்கியதாகும். வானொலிப் பெட்டி உள்ள வீட்டின் திண்ணையில் தெருவே திரண்டது.

ஆண்டுக்கொரு முறை இவையெல்லாம் ஒருங்கே கூடும் காலம், செப்டம்பர் மாதத்துப் புனித மரியன்னை திருவிழா. 1882இல் அருட்பொழிவு பெற்று 1973இல் பசிலிக்கா எனப் பெயர் பெற்ற அத்தேவாலயத்துக்கு, கிறித்தவர் மட்டுமன்றி இந்துக்களும் முஸ்லிம்களும் திரண்டு வருவர். புத்தாடையும் ஊதுகுழலும் காகிதக் காற்றாடியும் ராட்டினமும் அந்நாட்களின் அடையாளங்கள். 1927இல் எழுந்த ரசல் சந்தையும் அருகிலுள்ள பள்ளிவாசல்களும் கோயில்களும் சூழ, அத்தேர் இன்றும் வலம் வருகின்றது.

நினைவின் கடமை

இவற்றை எண்ணுவதால் ஆவது என்ன என்று இளைஞர் வினவலாம். விடை உண்டு. 1991ஆம் ஆண்டின் இறுதியில், காவிரி நீர்ச் சிக்கலையொட்டி இந்நகரில் தமிழர்மேல் வன்முறை பாய்ந்தது. அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, அவ்வாண்டு முதல் பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டு நின்றது; 2009 ஆகஸ்டு 9ஆம் நாளன்றே அத்திரை விலகியது. அத்துயரை அறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. ஆயினும் அதே தலைமுறைதான் பம்பரத்தைப் புகுரி என்றும், காற்றாடியைக் காளிபட என்றும் அழைத்து, எதிர்வீட்டுச் சிறுவனோடு ஆடி வளர்ந்தது. பகைமை சில நாட்களின் செய்தி. தெருவில் ஆடிய ஆட்டமோ ஒன்றரை நூற்றாண்டின் செய்தி. எது நம் மெய்யான வரலாறு என்பதைக் குழந்தைகளுக்கு நாம் சொல்லாவிடில், வேறு யாரோ வேறு விதமாகச் சொல்லிவிடுவர்.

இன்று நம் பிள்ளைகள் அடுக்குமாடிக் கட்டடங்களில், கையடக்கத் திரையின் முன்னே தனித்து ஆடுகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. தெருவை வண்டிகளுக்குக் கொடுத்தவர்கள் நாம். காலி நிலங்களைக் கட்டடங்களுக்குக் கொடுத்தவர்களும் நாமே. பழைய உடையின் சாதி வரம்பும், பெண்களின் திண்ணைச் சிறையும், வெறுங்காலின் வறுமையும் மீண்டும் வர வேண்டா. ஆனால் வண்ண அரக்கைப் படியவைத்த கையின் திறமும், ஓர் ஆட்டத்துக்கு நான்கு பெயர் அறிந்த நாவின் வளமும், எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்த உறவும் நம்மோடு நிற்றல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வீட்டுப் பரணில் உறங்கும் பல்லாங்குழிப் பலகையை இறக்குவோம். மரப்பாச்சியின் கதையைப் பேத்திக்குச் சொல்வோம். பழைய நிழற்படத்தின் பின்புறத்தில், அதிலுள்ளோர் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். நம் ஆண்டு விழாக்களில் ஒரு பிற்பகலைத் தெரு ஆட்டங்களுக்கென ஒதுக்கி, கன்னடக் குழந்தைகளையும் உருது பேசும் குழந்தைகளையும் அழைப்போம். பம்பரம் தலை நிமிர்ந்து சுழல்வதற்கு ஒரு கயிறும் ஒரு தெருவும் பக்கத்தில் ஒரு தோழனும் போதும். கயிற்றை நாம் தருவோம். தெருவையும் தோழனையும் பிள்ளைகள் தேடிக்கொள்வர்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைத்த கன்னட நாடு!